வாத்துக்குத் தெரியும் உங்க சட்டை கலர்!

முதல்ல ஒரு அவமானக் கதை சொல்றேன். சிரிச்சு முடிச்சுட்டு மேட்டருக்குப் போவோம்.

போன டிசம்பர். ஞாயித்துக்கிழமை விடியக்காலை அஞ்சரை மணி. நாலு பேர், ரெண்டு பைக், சீனியர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கின ஒரு கேமரா. எங்க ஊர் திருப்புட்குழி. காஞ்சிபுரத்துல இருந்து பெங்களூர் போற ரோட்டுல, பாலுசெட்டி சத்திரம் பக்கத்துல இருக்கு. மழை முடிஞ்சு சுத்துவட்டாரத்துல எல்லா ஏரியும் தளும்பிக்கிட்டு இருந்த நேரம். ஒரு ஏரியில வெளிநாட்டு வாத்து வந்து இறங்கியிருக்குன்னு தகவல். விடுவோமா?

இதுக்காகவே நான் புதுசா ஒரு பேன்ட் சட்டை வாங்கியிருந்தேன். பச்சையும் பிரவுனுமா இலை இலையா டிசைன். 'இதைப் போட்டுக்கிட்டு புதருக்குள்ள நின்னா பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாது'ன்னு கடைக்காரர் சத்தியம் பண்ணாத குறை. அம்மா வேற 'புதுத்துணியில கஞ்சி இருக்கும்டா'ன்னு பவுடர் போட்டு அலசி, பளிச்சுன்னு காயவெச்சுக் கொடுத்தாங்க.

ஏரிக்கரை ஏறினோம். குனிஞ்சு, பம்மி, சினிமா கமாண்டோ மாதிரி பத்தடி நடந்திருப்போம். 'படபடபட...'ன்னு ஒரே சத்தம். ஏரியே எழுந்து பறக்குற மாதிரி இருந்துச்சு. எங்களுக்கும் வாத்துங்களுக்கும் நடுவுல நூறு மீட்டராவது இருக்கும். கேமராவுல விழுந்தது வெறும் தண்ணியும் என் ஃப்ரெண்டோட கட்டைவிரலும்தான்!

இதுல கொடுமை என்னன்னா, ஒரு மணி நேரம் கழிச்சு பாதி வாத்து திரும்பி வந்துச்சு. அப்போ ஒரு பெரியவர் எருமை ஓட்டிக்கிட்டு வந்தார். கட்டம் போட்ட லுங்கி, தலையில துண்டு, வாயில பீடி. நாங்க இருந்த தூரத்துல பாதிகூட இல்லை, அவ்வளவு கிட்ட, தண்ணி ஓரமாவே நடந்து போனார். ஒரு வாத்துகூட பறக்கலை. லேசா நகர்ந்து வழி விட்டதோட சரி!

இலை டிசைன் போட்ட எனக்கு 'கெட் அவுட்'. கட்டம் போட்ட லுங்கிக்கு 'வாங்க, வாங்க'. ஏன் பாஸ்? அந்தக் கேள்விதான் என்னை ஒரு மாசம் புத்தகமும் கையுமா உக்கார வெச்சது. செமஸ்டருக்குக்கூட இவ்வளவு படிச்சதில்லை!

முதுகுலயும் கண்ணு!

உங்க கண்ணு ரெண்டும் முகத்துல முன்பக்கம் இருக்கு. தலையைத் திருப்பாம உங்களால சுமார் 180 டிகிரியோ, அதுக்குக் கொஞ்சம் மேலயோதான் பார்க்க முடியும். பின்னாடி பெஞ்சுல யாரு தூங்குறான்னு பார்க்கணும்னா திரும்பித்தான் ஆகணும்.

வாத்துக்கு அந்தப் பிரச்னையே இல்லை. கண்ணு ரெண்டும் தலையோட ரெண்டு பக்கத்துல, கொஞ்சம் மேல் பக்கமா இருக்கு. கிரஹாம் மார்ட்டின்னு ஒரு பிரிட்டன் விஞ்ஞானி மல்லார்ட் வாத்தோட பார்வைப் பரப்பை அளந்து 1986-ல வெளியிட்டார். தலையைத் திருப்பாமலே சுத்தி 360 டிகிரியும் தெரியுது, தலைக்கு மேல வானமும் தெரியுது! சிசிடிவி கேமராவை நாலு மூலையில மாட்டினாத்தான் நமக்குக் கிடைக்கிற காட்சி, அதுக்குப் பிறவியிலேயே இருக்கு.

எல்லா வாத்துக்கும் இப்படியான்னு கேட்டா, இல்லை. இங்கதான் ஒரு சுவாரஸ்யம். நம்ம ஊருக்குக் குளிர்காலத்துல வர்ற தட்டைவாயன் தெரியுமா? அலகு கரண்டி மாதிரி இருக்கும். தண்ணியைச் சலிச்சு சலிச்சு சாப்பிடும். சாப்பாட்டைக் கண்ணால பார்த்துக் கொத்த வேண்டிய அவசியம் அதுக்கு இல்லை. அதனால அதோட கண்ணு முழு நேர வாட்ச்மேன் வேலை பார்க்குது. சுத்திலும் தெரியும். நாமத்தலை வாத்துன்னு இன்னொண்ணு இருக்கு. நெத்தியில வெளிர் மஞ்சள்ல பட்டையா நாமம் போட்ட மாதிரி இருக்கும். அது புல் மேயுற கட்சி. அலகு நுனியைக் குறி பார்த்துப் புல்லைக் கடிக்கணும். அதனால பார்வை கொஞ்சம் முன்பக்கம் சாய்ஞ்சிருக்கு, தலைக்குப் பின்னாடி சின்னதா ஒரு குருட்டு இடம் இருக்கு. 2002-ல மார்ட்டினும் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்களும் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தப்போ, நாமத்தலை வாத்து மேயும்போது அடிக்கடி தலையைத் தூக்கி நோட்டம் விடுறது தெரிஞ்சது. பின்பக்கக் கேமரா இல்லாதவன் அடிக்கடி திரும்பித்தானே ஆகணும்!

தூங்கும்போது போய்ப் பிடிச்சுடலாம்னு நினைக்கிறீங்களா? அதுவும் நடக்காது. 1999-ல 'நேச்சர்' இதழ்ல வந்த ஆராய்ச்சி இது. மல்லார்ட் வாத்துங்களை வரிசையா படுக்க விட்டுப் பார்த்தாங்க. நடுவுல இருக்கிறது நிம்மதியா ரெண்டு கண்ணையும் மூடித் தூங்குது. ஓரத்துல இருக்கிறது ஒரு கண்ணை மட்டும் திறந்து வெச்சுக்கிட்டு, மூளையில பாதியை முழிக்க வெச்சு, மீதிப் பாதியைத் தூங்க விடுது. திறந்திருக்கிற கண்ணு எந்தப் பக்கம்னு நினைக்கிறீங்க? கூட்டத்துக்கு வெளிப்பக்கம்! ஹாஸ்டல்ல வார்டன் ரவுண்ட்ஸ் வர்ற நேரத்துல கதவோரக் கட்டில்காரன் தூங்குற மாதிரி.

நாலாவது கலர்

அடுத்தது கலர். நம்ம கண்ணுல கலருக்குன்னு மூணு வகை கூம்பு செல்கள் இருக்கு. சிவப்பு, பச்சை, நீலம். டிவி, செல்போன் ஸ்க்ரீன் எல்லாம் இந்த மூணை வெச்சுத்தான் நம்மளை ஏமாத்துது. வாத்துக்கு நாலு வகை! அதோட ஒவ்வொரு கூம்பு செல்லுக்குள்ளயும் ஒரு குட்டி எண்ணெய்த் துளி இருக்கு. பல துளிகளுக்குத் தனித்தனி நிறமே உண்டு. கேமரா லென்ஸுக்கு முன்னாடி ஃபில்டர் போடுவோமே, அதே வேலையைத்தான் அது பண்ணுது. நமக்கு 'ரெண்டும் ஒரே பச்சை'ன்னு தெரியறது அதுக்கு ரெண்டு வேற பச்சையா தெரியலாம்.

நமக்கு 400 நானோமீட்டர் பக்கத்துல ஊதாவோட கதவு சாத்திடும். அதுக்குக் கீழ இருக்கிற புற ஊதாவை நம்ம கண் லென்ஸே வடிகட்டி நிறுத்திடுது. வாத்தோட கண்ணு அதுல ஒரு பகுதியை உள்ள விடுது.

இப்போ என் சட்டைக்கு வாங்க. நாம வாங்குற நிறைய சலவைப் பவுடர்கள்ல 'வெண்மையூட்டி'ன்னு ஒரு ரசாயனம் கலந்திருக்கும். அது அழுக்கை எடுக்காது. துணியிலேயே ஒட்டிக்கிட்டு, வெயில்ல இருக்கிற புற ஊதாவை வாங்கி, நீல வெளிச்சமா திருப்பி விடும். அதனாலதான் துவைச்ச வேட்டி 'வெள்ளையோ வெள்ளை'யா தெரியுது. கல்ச்சுரல்ஸ்ல ஊதா லைட் போட்டதும் மேடையில வெள்ளைச் சட்டைக்காரன் மட்டும் பேய் மாதிரி ஜொலிப்பானே, அதே மேட்டர்! புல்லும் கோரையும் இப்படி நீல வெளிச்சம் விடாது. அதுக்கு நடுவுல வெண்மையூட்டி ஏறின பச்சைச் சட்டை போய் நின்னா, நீலத்தையும் ஊதாவையும் அவ்வளவு நல்லா பார்க்குற ஒரு கண்ணுக்கு எப்படி இருக்கும்? அம்மாவோட பாசத்துல நான் நடமாடும் ட்யூப் லைட்டாவே ஆயிட்டேன்.

இதை வேட்டைக்காரங்க எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க. அமெரிக்காவுல மான் வேட்டைக்குப் போறவங்க பளீர் ஆரஞ்சு கலர் உடுப்பு போடணும்னு பல மாநிலங்கள்ல சட்டமே இருக்கு. இன்னொரு வேட்டைக்காரர் தெரியாம சுட்டுடக் கூடாதே! மானுக்குக் கலர் கூம்பு ரெண்டு வகைதான். அதுக்கு ஆரஞ்சும் பச்சையும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா வாத்து வேட்டைக்காரங்களுக்கு இந்த விதியில பெரும்பாலும் விலக்கு கொடுத்திருக்காங்க. வாத்துக்கு ஆரஞ்சு ஆரஞ்சாவேதான் தெரியும்! அதனால அங்க வாத்து வேட்டைன்னா காய்ஞ்ச புல் கலர்ல உடுப்பு, முகத்துக்கு வலை, விளிம்பு வெச்ச தொப்பி, வெண்மையூட்டி இல்லாத சோப்பு. முகத்தை ஏன் மூடணும்? மேல பறக்குற வாத்தை நாம அண்ணாந்து பார்க்கும்போது, வேர்வை மினுக்கோட நம்ம மூஞ்சி தட்டு மாதிரி பளபளக்கும். அதான்!

நெசவாளர் வீட்டுப் பையன்ங்கிறதால ஒரு எக்ஸ்ட்ரா தகவல்: மேல்நாட்டு வேட்டைக்காரங்க போடுற கெட்டித் துணிக்கு 'டக்'னு பேர். வாத்துக்கும் அதுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. டச்சு மொழியில துணியைக் குறிக்கிற 'டூக்'ங்கிற வார்த்தைதான் இங்கிலீஷ்ல போய் 'டக்' ஆயிடுச்சு.

கலரைவிடப் பெரிய வில்லன்

ஆனா என்னைக் காட்டிக்கொடுத்ததுல சலவைப் பவுடருக்கு ரெண்டாவது இடம்தான். முதல் வில்லன், அசைவு. பல பறவைங்களோட கண்ணு நம்மளைவிட வேகமா காட்சிகளை வாங்கும். நமக்கு விட்டுவிட்டு எரியறதே தெரியாத லைட், பல பறவைங்களுக்கு மினுக் மினுக்குன்னு தெரியும். நான் பம்மிப் பம்மி நடந்து, பொசுக்குன்னு நின்னு, திரும்ப நடந்தது எல்லாமே அதுங்களுக்குப் பூனையோட நடையாத்தான் பட்டிருக்கும்.

எருமைக்காரப் பெரியவர் தினமும் வர்றார். ஒரே வேகத்துல, ஒரே வழியில. வாத்தை நோக்கி நேரா வரலை, பக்கவாட்டுல கடந்து போறார். நின்னு முறைக்கலை. நேரா வர்ற ஆளைப் பார்த்தா பறவைங்க சீக்கிரம் பறந்துடும், சாய்வா போற ஆளைக் கொஞ்சம் பொறுத்துக்கும். அவர் ஒளியவே இல்லை. ஒளிய வேண்டிய வேலை அவருக்கு இல்லைங்கிறது வாத்துங்களுக்குத் தெரிஞ்சிருக்கு!

பானைக்குள்ள ஒரு தலை

இதையெல்லாம் வீட்டுத் திண்ணையில உக்காந்து தாத்தாகிட்ட பெருமையா அளந்துக்கிட்டு இருந்தேன். எங்க தாத்தா அம்பது வருஷத்துக்கு மேல பட்டுத்தறி நெய்தவர். இப்போ வயசு 79. ரெண்டு கண்ணுலயும் புரை. முழுசாக் கேட்டுட்டு, "இதுக்கு இன்னாத்துக்குடா இவ்ளோ படிப்பு? ஒரு பானை போதுமே"ன்னார்.

எனக்குப் புரியலை. அப்புறம் சொன்னார். தாத்தாவுக்கு அப்போ பன்னெண்டு, பதிமூணு வயசு. 1950-கள் முடியற நேரம். அடைமழை வந்தா குழித்தறியில தண்ணி ஊறிடும். பாவு ஈரம் வாங்கிடும். தறி ஓடாது, கூலி வராது. வீட்டுல ஏழு பேர். அதே மழையிலதான் ஏரி ரொம்பி வாத்தும் வரும்.

முதல்ல நாலஞ்சு வெறும் பானையைக் கவுத்து ஏரியில மிதக்க விடணும். ரெண்டு மூணு நாள்ல வாத்துங்களுக்குப் பழகிடும். அப்புறம் அதே மாதிரி ஒரு பானையில கண்ணுக்கு ஓட்டை போட்டு, தலையில கவுத்துக்கிட்டு, கழுத்தளவு தண்ணியில மெதுவா, காத்து தள்ளுற வேகத்துல நகரணும். கிட்டப் போனதும் தண்ணிக்கு அடியில காலைப் பிடிச்சு ஒரே இழுப்பு. பக்கத்து வாத்துக்குக்கூடத் தெரியாது.

யோசிச்சுப் பாருங்க. முகம் தெரியலை, கை தெரியலை, துணியே தெரியலை, வேகம் இல்லை, பழகின பொருள். நான் ஒரு மாசம் படிச்சது மொத்தமும் அந்தப் பானைக்குள்ள இருந்துச்சு! இது எங்க தாத்தா மட்டும் செஞ்ச வேலை இல்லை. இந்தியாவுல இந்தப் பானை வித்தையைப் பத்திப் பழைய வேட்டைக் குறிப்புகள்ல நிறைய இருக்கு. பழக்கின மாட்டுக்குப் பின்னால மறைஞ்சு போறதும் உண்டு. எங்க எருமைப் பெரியவர் ரகசியம்!

தமிழ்ல இதுக்கு ஒரு அருமையான வார்த்தையே இருக்கு. மத்த விலங்கையும் பறவையையும் ஏமாத்தி வரவழைக்கப் பழக்கி வெச்சிருக்கிற விலங்குக்கும் பறவைக்கும் 'பார்வை'ன்னு பேர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுற பெரும்பாணாற்றுப்படையில, வேட்டுவர் குடிசை முன்னால விளாமரத்துல ஒரு பார்வை மானைக் கட்டி வெச்சிருக்கிற காட்சி வருது. எதை வெச்சுத் தப்பிக்குதோ, அதை வெச்சே பிடிக்கிறது. பேர் வெச்சவர் சரியாத்தான் வெச்சிருக்கார்.

"அப்புறம் ஏன் தாத்தா விட்டுட்டீங்க?"

கொஞ்ச நேரம் பேசலை. "ஒரு தபா பிடிச்சு மேல தூக்கிட்டேன். கழுத்தைத் திருப்பணும். அது என்னையே பார்த்துச்சுடா. கண்ணை மூடவே இல்லை. கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அன்னிக்கு வீட்டுல எல்லாரும் சாப்பிட்டாங்க. நான் சாப்பிடல. பசி இருந்துச்சு, ஆனா சாப்பிடல."

நான் எதுவும் சொல்லலை. சொல்றதுக்கு எனக்கு என்ன தகுதி? மழை பெய்ஞ்சா எனக்கு லீவு. அவருக்குப் பட்டினி.

சுட்டவங்களும் காத்தவங்களும்

பசிக்காகப் பிடிச்சவங்க ஒரு பக்கம். ராஜஸ்தான்ல பரத்பூர் பறவைகள் சரணாலயத்துல வேட்டைக் கணக்கைக் கல்லுலயே செதுக்கி வெச்சிருக்காங்க. 1938 நவம்பர்ல வைஸ்ராய் லின்லித்கோ வந்தப்போ ஒரே நாள்ல விழுந்த பறவைங்க 4,273. பெரும்பாலும் வாத்துங்க. அதே இடம் 1982-ல தேசியப் பூங்கா, 1985-ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னம். இன்னிக்கு அந்தக் கல்வெட்டை டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுக்கிறாங்க.

நம்ம பக்கத்து வேடந்தாங்கல் கதை நேர் எதிர். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க வந்து பறவைகளைச் சுட, ஊர் மக்கள் கலெக்டர்கிட்டயே போய் முறையிட்டாங்க. 1798-ல அப்போதைய கலெக்டர் லயோனல் பிளேஸ், ஏரியையும் பறவைகளையும் காக்குற உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அந்த மக்களுக்கு அப்பவே தெரியும். 2022-ல வேடந்தாங்கலும் பக்கத்து கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ராம்சர் தலங்கள் ஆயிடுச்சு.

இன்னிக்கு இந்தியாவுல காட்டு வாத்தை வேட்டையாடறது குற்றம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல வந்த திருத்தமும் கதவை இறுக்கிச் சாத்திடுச்சு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 2022 திருத்தப்படி ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் கிடைக்கலாம். வலை போடுறவனைப் பார்த்தா வனத்துறைக்கு போன் பண்ணுங்க, ஹீரோயிசம் வேணாம்.

'நாங்கதான் சுடறதில்லையே, போட்டோதானே எடுக்கிறோம்'னு சொல்றீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். நீலச்சிறகின்னு ஒரு குட்டி வாத்து, மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்துல இருந்தெல்லாம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருது. இங்க சாப்பிட்டுச் சேர்க்கிற கொழுப்புதான் திரும்பிப் போக அதுக்கு டீசல். நாம ஒவ்வொரு தடவை கிளப்பி விடும்போதும் அந்த டீசல்ல கொஞ்சம் வீணாப் போகுது. அன்னிக்கு நான் துப்பாக்கி எடுத்துட்டுப் போகலை. ஆனா அதுங்களுக்கு என்னைப் பார்த்தா வேட்டைக்காரனாத்தான் தெரிஞ்சிருக்கு.

ஏரிக்குப் போறீங்களா? டிரெஸ் கோடு இதோ!

1. இலை டிசைன் கட்டாயமில்லை. சாயம் போன காக்கி, மண் கலர், காய்ஞ்ச புல் கலர் போதும். வெள்ளை, பளீர் ஆரஞ்சு, ஜிகுஜிகு வேணாம்.

2. 'பளிச் வெண்மை' பவுடர்ல துவைச்ச துணியை ஏரிக்கு ஒதுக்காதீங்க.

3. வாட்ச், செயின், செல்போன் ஸ்க்ரீன் எல்லாம் வெயில்ல மினுக்கும். உள்ள வைங்க. தலைக்கு விளிம்பு வெச்ச தொப்பி நல்லது.

4. நேரா நடக்காதீங்க. சாய்வா, ஒரே வேகத்துல போங்க. மரத்தையோ கரையையோ ஒட்டி உக்காருங்க. வானம் பின்னணியா இருந்தா உங்க உருவம் போஸ்டர் மாதிரி தெரியும்.

5. வாத்துங்க மேயறதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்த்தா, அதுதான் 'ஸ்டாப்' சிக்னல். அங்கேயே நில்லுங்க, இல்லைன்னா ரெண்டடி பின்னாடி போங்க.

க்ளைமாக்ஸ்

போன ஜனவரியில தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன். புரை விழுந்த லென்ஸ் மஞ்சளடிச்சுப் போயிருக்கும், நீலம் சரியாத் தெரியாது. ரெண்டு வருஷமா அவர் கரும்பச்சை நூலையும் நீல நூலையும் மாத்தி மாத்தி எடுத்துக் கொடுத்து, எங்க சித்தப்பாகிட்ட திட்டு வாங்கிக்கிட்டு இருந்தார். அந்தக் காலத்துல புரையோட லென்ஸையும் எடுத்துட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்துடுவாங்க. அப்படி லென்ஸே இல்லாத சிலருக்குப் புற ஊதா கொஞ்சம் தெரிஞ்சிருக்கு, வாத்து மாதிரி! இப்போ வைக்கிற செயற்கை லென்ஸ் அதைத் தடுத்துடும். தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். "எனக்கு நூல் கலர் தெரிஞ்சா போதும்டா"ன்னார்.

கட்டுப் பிரிச்சு, டாக்டர் வெளிய போகலாம்னு சொன்னதுக்கு அப்புறம் ஒரு சாயங்காலம், "ஏரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு அவரே கேட்டார். கறுப்புக் கண்ணாடி, பழைய மண் கலர் சால்வை. நானும் சாயம் போன காக்கிச் சட்டை. கரையோரம் ஒரு பனைமரத்துல சாய்ஞ்சு உக்காந்தோம். இருபது நிமிஷம் பேசலை, அசையலை. புள்ளிமூக்கு வாத்து ஜோடி ஒண்ணு கோரைக்குள்ள இருந்து தானா வெளிய வந்துச்சு. கிட்ட... இன்னும் கிட்ட...

கேமராவைத் தூக்கலாமான்னு கை பரபரத்துச்சு. தாத்தா லேசா தலையை ஆட்டினார். வேணாமாம்.

ஒரு வாத்து ரெக்கையை விரிச்சு உதறுச்சு. உள்ள ஒளிஞ்சிருந்த பச்சைப் பட்டை சாயங்கால வெயில்ல ஒரு நொடி மின்னுச்சு. தாத்தா என் காதுல மெதுவாச் சொன்னார்:

"மயில்கழுத்துக் கலர்டா அது."

எங்க ஊர் பேருக்கு அர்த்தம் தெரியுமா? புள்ளுன்னா பறவை. சீதையைக் காப்பாத்தப் போராடி விழுந்த ஜடாயுவுக்கு ராமரே இறுதிக் காரியம் செஞ்ச இடம்னு விஜயராகவப் பெருமாள் கோயில் தல வரலாறு சொல்லுது. ஒரு பறவைக்காகப் பேர் வெச்ச ஊர்ல பிறந்துட்டு, பறவை முன்னால எப்படி உக்காரணும்னு கத்துக்க எனக்கு இருபது வருஷம் ஆயிருக்கு!

அடுத்த மழைக்கு நீங்களும் உங்க ஊர் ஏரிக்குப் போங்க. சட்டையை மட்டும் பார்த்துப் போடுங்க. ஒரு ஜோடிக் கண்ணு அங்க உங்களை முன்னாடியே பார்த்துட்டு இருக்கும்!